மந்தைவெளியில் மூன்று தலைமுறை மாடுகளும் ஆறு ஊசிகளும்

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுவாரம். ஆபீஸில் நான்கு நாள் லீவு பாக்கி இருந்தது. மலைப் பக்கம் போகக் கையில் காசு இல்லை. அந்த நேரம் பார்த்து ஜெசியிடமிருந்து போன். “செவ்வாக்கிழமை காலைல மந்தவெளி வர்றியா? மாடு பாக்கலாம்.” மாடு பார்ப்பதற்கென்று ஒருத்தி பயணம் போவாளா என்று சிரிக்காதீர்கள். சென்னைக்குள்ளேயே ஊர் சுற்றி எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல அழைப்பு வராது.

ஜெசி என் கல்லூரி விடுதித் தோழி. ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி. வீட்டில் அத்தனை பேரும் கடலுக்குப் போக, இவள் மட்டும் மாட்டு டாக்டர் ஆனாள். காசநோய்க் கிருமி உள்ளே வந்தால் கன்றின் உடம்பு என்ன செய்கிறது, நடுவயது மாட்டின் உடம்பு என்ன செய்கிறது, கிழட்டு மாட்டின் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் இப்போது அவளுடைய ஆராய்ச்சி. மூன்று வயதும் ஒரே கொட்டகையில் கிடைப்பது அபூர்வமாம். மந்தைவெளியில் கிடைத்துவிட்டது.

நான் இருப்பது சிந்தாதிரிப்பேட்டையில். காலை 5.40 பறக்கும் ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். பெட்டியில் நானும், பூக்கூடைகளோடு இரண்டு பெண்களும்தான். கூவத்தின் வாடை திருவல்லிக்கேணி வரை கூடவே வந்து, கலங்கரை விளக்கம் ஸ்டேஷன் பக்கம் கடல் காற்றில் போய்விட்டது. தை மாதப் பனியில் மாடி வீடுகளெல்லாம் இடுப்புக்குக் கீழே இல்லாமல் நின்றன. பாதித் தூக்கத்தில் இருந்த எனக்கு, இறங்க வேண்டிய ஸ்டேஷன் வராமலே போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மந்தைவெளி ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை. ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு சந்தில் செல்வி அக்காவின் கொட்டகை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு தனியாளாக மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். கிழவி மங்கா, அதன் மகள் ரேவதி, ரேவதியின் மூன்று மாதக் கன்று பட்டு. மங்காவின் கொம்பில் பொங்கலுக்குப் பூசிய நீலம் இன்னும் மங்கவில்லை. பட்டு, பாலுக்கு மட்டும்தான் தன் தாயிடம் போகிறது. மற்ற நேரமெல்லாம் பாட்டியின் வயிற்றில் சாய்ந்து கிடக்கிறது. பாட்டியும் அதை நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கிறது. மேலே ரயில் போகும்போது அதன் நிழல் மூன்று முதுகுகள் மேலும் வரிசையாக ஓடி மறைந்தது. ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜெசி ஒவ்வொரு கழுத்திலும் இரண்டு இடத்தில் வட்டமாக முடியை வழித்தாள். தோலை மடித்து அளவு கருவியால் தடிமன் பார்த்தாள். பிறகு வட்டத்துக்கு ஓர் ஊசி. ஒன்றில் மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சாறு, மற்றதில் பறவைக் காசநோய்க் கிருமியின் சாறு. இரண்டிலும் உயிருள்ள கிருமி கிடையாது. அந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கும் உடம்பு அடையாளம் கண்டுகொண்டு, மூன்றாம் நாள் அந்த இடத்தை வீங்க வைக்கும். மாட்டுக் கிருமியின் பக்கம் அதிகம் வீங்கினால் சந்தேகம். இரண்டும் ஒரே அளவு என்றால், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற வேறு ஏதோ சில்லறைக் கிருமிதான் காரணம்.

“இருந்துச்சுன்னா இன்னா பண்ணுவ டாக்டரம்மா?” என்றார் செல்வி அக்கா.

“தனியாக் கட்டணும்கா. ஒட்டிக்கும்.”

“யாருக்குன்னாலும் வரட்டும், இந்தக் கெயவிக்கு மட்டும் வரக் கூடாது. அவளையும் குட்டியையும் பிரிச்சா ரெண்டும் தீனி எடுக்காது. செத்துப் பூடும்.” சொல்லும்போதே குரல் உடைந்தது. மங்கா கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தது. வயதாயிற்று என்று அவரும் விட்டுவிட்டார், பார்த்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“மூணு நாள் கழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு ஜெசி கிளம்பினாள். குப்பத்தில் அவள் வீட்டில் எனக்கும் சாப்பாடு. ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு, நூற்று முப்பதுக்கு இறங்கி வந்தார். ராஜா அண்ணாமலைபுரம் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார். “இன்னா மேடம், பொட்டில இருந்து தண்ணி சொட்டிக்கினே கீது, மீனா?”

“மாட்டு ஊசிங்க, ஐஸ்ல வச்சிருக்கேன்.”

“குப்பத்துக்குப் போற ஐஸ் பொட்டில மாட்டு ஊசியா!” என்று அடையாறு பாலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். பாலத்தின் கீழே ஆறும் கடலும் சேருகிற இடம் ஒரே வெள்ளையாகக் கிடந்தது. எது தண்ணீர், எது வானம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஜெசியின் அம்மா கையால் வஞ்சிர மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, படகு நிழலில் ஒரு தூக்கம் போட்டேன். கனவிலும் மாடுகள் வந்தன.

வெள்ளிக்கிழமை காலை அதே ரயில், அதே சந்து. கொட்டகைக்குள் நுழைந்த ஜெசி தலையில் கை வைத்துக்கொண்டாள். மங்காவின் கழுத்தில் வழித்த இரண்டு வட்டங்களிலும் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது, அத்தனை லட்சணமாக! எதிர் அடுக்குமாடியில் இருக்கும் மாமி அகத்திக்கீரைக் கட்டோடு நின்றார். வெள்ளி தவறாமல் மங்காவுக்குக் கீரை கொடுப்பவராம்.

“ரெண்டு வட்டம் அழகா வழிச்சு வெச்சிருந்தேளா, பொட்டு வெக்கத்தான் எடம் பண்ணியிருக்கேள்னு நெனச்சுண்டேன்” என்றார் மாமி.

ஜெசிக்குக் கோபம் வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துடைத்துவிட்டு அளந்தாள். மங்காவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. செல்வி அக்கா கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். ரேவதிக்கும் சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் பட்டுவின் கழுத்தில் இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீக்கம். தொட்டால் வெதுவெதுப்பு.

“நேத்திலேர்ந்து உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்துக்கினு கீறேன்” என்று ஒப்புக்கொண்டார் செல்வி அக்கா. “தொடாதன்னு நீ சொன்னது காதுல வியாம இல்ல. கொயந்த மாரி கத்துது, சும்மா வுட முடியுமா?”

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குடுத்தீங்களா? அப்ப சரி, ஒப்பிட்டுப் பாக்கலாம்” என்று ஜெசி இன்னொரு தரம் அளந்தாள். இரண்டும் ஒரே அளவு. “இவளுக்கு இது இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். சின்ன உடம்பு, புதுசா எதைப் பாத்தாலும் கூச்சல் போடும். இவ ரத்தத்தையும் எடுத்துப் பாத்துடறேன்.”

சொல்லிவிட்டு ரத்தம் எடுக்கும் ஊசியோடு அவள் முதலில் போய் நின்றது மங்காவிடம்.

“அதுக்குத்தான் வீங்கவே இல்லியே, ரத்தம் இன்னாத்துக்கு?” என்றார் செல்வி அக்கா.

“அதனாலதான்கா. வயசான உடம்பும் நோய் முத்துன உடம்பும் சில சமயம் ஊசிக்கு எந்தப் பதிலும் சொல்லாது. சண்டை போட்டுப் போட்டு ஓஞ்சு போயிருக்கும். ரத்தத்துல கேட்டுப் பாக்கணும்.”

மேலே ரயில் போனது. பட்டு பாட்டியின் வயிற்றில் சாய்ந்து, வீங்கிய கழுத்தை அதன் நாக்குக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து ஜெசி போன் செய்தாள். ரேவதிக்கும் பட்டுவுக்கும் இல்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மங்காவுக்கு இருக்கிறது, அதுவும் முற்றியிருக்கிறது. தோல் மறைத்ததை ரத்தம் சொல்லிவிட்டது என்றாள். வீங்கிய கன்று நன்றாக இருக்கிறது, வீங்காத கிழவிக்கு நோய். மூன்று முறை பார்த்த மாடு கூட இல்லை, இரண்டே முறைதான். ஆனாலும் அழுதேன். அன்று மாலை அப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்றார். மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிறு மாலை தனியாகப் போனேன். மங்கா இப்போது இரண்டு வீடு தள்ளி, மதில் சுவர் வைத்த ஒரு காலி மனையில். வெளிநாட்டில் இருக்கும் மனைக்காரரிடம் பேசி இடம் வாங்கித் தந்தது பொட்டு மாமிதான். செல்வி அக்கா மற்ற இரண்டையும் கவனித்துவிட்டுக் கடைசியாகத்தான் இங்கே வருகிறார். முகக்கவசமும் தனி வாளியும் ஜெசியின் கட்டளை. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் உப்பு மூட்டையால் மங்காவின் கழுத்தில் ஒத்திக்கொண்டிருந்தார். வழித்த வட்டங்களில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

“அங்கதான் வீங்கவே இல்லியேக்கா?”

“பட்டுக்கு வீங்கிச்சு, கத்துச்சு, நானும் ஒத்தடம் குடுத்தேன். இவ ஒண்ணுமே கேக்கல.” அவர் திரும்பவில்லை. “இப்ப குடுக்குறேன்.”

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, கால் மணி முன்னதாகவே ஸ்டேஷனில் இருங்கள். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் இஞ்சி டீ பதினைந்து ரூபாய், தாராளமாக இரண்டு குடிக்கலாம். மாட்டின் கழுத்தில் வழித்த வட்டத்தைப் பார்த்தால் தயவுசெய்து பொட்டு வைக்காதீர்கள். பால் எங்கே வாங்கினாலும் பொங்கக் காய்ச்சுங்கள். அகத்திக்கீரை, கோயிலைச் சுற்றிய மாடவீதிகளில் கட்டு இருபது ரூபாய். செல்வி அக்காவிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நில்லுங்கள், அவர் கொண்டுபோய் மங்காவின் முன்னால் வைப்பார். மங்கா உடனே வாய் வைக்காது, நோய் அதிகமாகிவிட்டது என்று பயந்துவிட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் இரண்டு வீடு தள்ளி பட்டு கத்தும். மங்கா காதைத் திருப்பி அதைக் கேட்கும். பிறகுதான் சாப்பிடும்.