அழுகினது குழம்புக்கு

விடிந்ததும் ஆண்டாயி பின்னறையில் வெங்காயம் பொறுக்க உட்காருவாள். மூங்கில் தட்டிமேல் பரப்பிய விதை வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். கெட்டியானது விதைக்கு, அழுகினது குழம்புக்கு. வாலிகண்டபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டுச் சட்டம் இதுதான். முக்கால் ஏக்கர் வெங்காயம் விளைகிற வீட்டில் முழு வெங்காயத்தை அரிவது குற்றம். அழுகலை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் தாளிக்க வேண்டும்.

சட்டம் போட்டவன் புருஷன் மதுரைவீரன். ஆனால் எது அழுகல் என்று தீர்ப்புச் சொல்வது ஆண்டாயி. மகள் கவியா சின்னப் பிள்ளையாய் வெறும் ரசத்தைப் பார்த்து முகம் சுளித்த நாட்களில், கல் மாதிரி இருக்கும் நாலு வெங்காயத்தைக் கையில் எடுத்து, "அய்யோ, இது போச்சுங்க" என்பாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எடுத்துக் குழம்புல போடு" என்பான்.

இந்த வருடம் பொய்க்கு வேலையே இல்லை. வரக்கூடாத மழை அறுவடையன்று வந்து, பிடுங்கிப் போட்ட வெங்காயத்தை வயலிலேயே மூன்று நாள் ஊறவைத்தது. விற்றது போக விதைக்கு ஒதுக்கியதும் அந்த ஈரத்தோடுதான் தட்டி ஏறியது. நட வேண்டிய வைகாசியிலோ மேகம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனியும் ஆடியும் போயின. கிணற்றில் குடம் முங்கத் தண்ணீர் இல்லை. காத்திருந்த வெங்காயம் காத்திருந்தபடியே அழுகியது.

அந்த வீடு இப்படித் தின்றதே இல்லை. ரேஷன் அரிசிக் கஞ்சிக்கு வதக்கிய வெங்காயம், மத்தியானம் வெங்காயக் குழம்பு, ராத்திரி சட்னி. பக்கத்து வீட்டுச் சிந்தாமணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, தெனமும் விருந்தா? ஊரே காயுது, உங்க வூட்டுத் தாளிப்பு மட்டும் தெருவத் தூக்குது!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மதுரைவீரனின் கை நின்றது.

"ஏ புள்ள, நல்லதயும் சேத்துப் பொறுக்குறியா?"

"வந்து மோந்து பாருங்க. நாத்தம் கொடலப் புடுங்குது."

"உனக்கு நாக்கு ருசி கண்டுபோச்சு. முக்கா ஏக்கரா நடணும். இந்த வெதையும் போச்சுன்னா வெளிய வாங்க நமக்கு வக்கில்ல."

ஆண்டாயிக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை வருடத்தில் அவளை அவன் சந்தேகப்பட்டதே இல்லை.

அன்றே பின்னறைக்குப் பூட்டு வந்தது. சாவி அவன் அரைஞாண் கயிற்றில் ஏறியது.

"தெனம் பொறுக்கலேன்னா அழுகல் எல்லாத்துக்கும் ஒட்டிக்குங்க."

"மழ வரட்டும், தெறக்குறேன்."

ஒன்பதாம் நாள் மழை வந்தது. குறை சொல்ல முடியாத நடவு மழை. டிராக்டருக்குச் சொல்லிவிட்டு வந்து மதுரைவீரன் பூட்டைத் திறந்தான். கதவடியில் கறுப்பாய்த் தண்ணீர் கசிந்திருந்தது.

ஆண்டாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுக்கினாள். தேறியது ஒரு கூடை. இரண்டு பாத்திக்கு வரும்.

அவனும் ஒன்றை எடுத்தான். விரல் உள்ளே இறங்கியது. முகர்ந்தான், தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அழுகல் வெங்காயத்தை அவன் முகர்வது இதுதான் முதல் தடவை. விரலை வேட்டியில் துடைத்தான்.

"ஏ ஆண்டாயி... கவியா சின்னப் புள்ளயா இருக்கயில பொறுக்கிப் போடுவியே, அதெல்லாம் இப்புடி நாறலையே?"

ஆண்டாயி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவனைச் சுற்றிக்கொண்டு போய், வாசல்படியில் கசிந்திருந்ததை மிதிக்காமல் தாண்டி, வயலுக்குக் கிளம்பினாள்.