ஒற்றைக் கையால் ஒரு ரோகு: பான்ஷேத் கரையில் ஒரு ஞாயிறு

போன வருடம் பக்கவாதம் வந்து என் இடது கை பாதியாகிவிட்டது. தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் மட்டும் பேச்சைக் கேட்பதில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, பிம்ப்ரியில் இருக்கும் மச்சான், அதாவது என் மனைவி செல்வியின் தம்பி, வந்து என் தூண்டில் கழியைக் கேட்டான். மாமா இனிமேல் எங்கே மீன் பிடிக்கப் போகிறார் என்றானாம். உயிரோடு இருக்கும்போதே சொத்துப் பிரிக்கிறான் பாருங்கள்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்வியும் அவன் பக்கம்தான். குளியலறையில் வழுக்கி விழுந்தவன் அணைக்கரையில் என்ன ஆவேனோ என்று அவளுக்குப் பயம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரே ஒரு ஞாயிறு. வேறு யார் கையும் படாமல் நான் ஒரு மீனைக் கரையேற்றினால் கழி வீட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் அன்று சாயங்காலமே மச்சான் வந்து எடுத்துக்கொண்டு போவான். சாட்சிக்கு அவளும் வருவாள்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு, காலை ஐந்தரைக்கு எங்கள் வீடு இருக்கும் கேம்ப் பகுதியிலிருந்து ஆட்டோவில் கிளம்பினோம். பான்ஷேத் நீர்த்தேக்கம் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். நாள் முழுக்கக் காத்திருக்க 1,800 ரூபாய் பேசியிருந்தேன். கடைசிப் பத்து கிலோமீட்டர் முதுகைப் பதம் பார்த்துவிடும், குஷன் எடுத்துப் போங்கள். கரையோர கிராமத்தில் மீன்பிடி உரிமை வைத்திருப்பவரிடம் 200 ரூபாய் கட்டி அனுமதி வாங்கினோம். கேட்காமல் தூண்டில் போடாதீர்கள்.

இனி ஏற்பாடுகள். வழக்கமாக வலது கையில் கழி, இடது கையில் ரீலைச் சுற்றும் கைப்பிடி. பெரும்பாலான ரீல்களில் அந்தக் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம், மாட்டினேன். கழியின் அடிமுனை உட்கார, இடுப்பு பெல்ட்டில் ஒரு தோல் கிண்ணம் தைத்துக்கொண்டேன். இடது முன்கையைக் கழியோடு சேர்த்து முழங்கால் வலிக்குப் போடும் ஒட்டுப்பட்டையால் கட்டினேன். நான் தண்ணீருக்கு இழுபடாதபடி, வேகமாக இழுத்தால் பிரிந்துவிடும் பட்டைதான், செல்வி நான்கு முறை இழுத்துப் பார்த்த பிறகே விட்டாள். இரைக்குக் கோதுமை மாவு, வறுத்த வேர்க்கடலைப் பொடி, துளி பெருங்காயம். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும், எண்ணெய் கூடாது. பிசைந்ததும் ஒற்றைக் கையால் நான்தான்.

தூரமாக வீசவில்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டரில் இரை உருண்டைகளைத் தூவி, அதே இடத்தில் தூண்டிலைப் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். எட்டரை மணி வாக்கில் நுனி இரண்டு முறை தட்டியது, மூன்றாவதாக வளைந்தது. வெட்டி இழுத்தேன், மாட்டியது. அப்புறம் இருபது வருடப் பழக்கம் குறுக்கே வந்தது. வலது கை தானாகக் கழியைப் பிடிக்கப் போயிற்று, சுற்றுகிற வேலை இடது கைக்கு விழுந்தது. அது எங்கே சுற்றும்? நூல் தொய்ந்தது, மீன் போயே போய்விட்டது. செல்வி மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தாள். அதுதான் அதிகம் எரிந்தது.

பத்து மணிக்கு மேல் அடுத்தது. இந்த முறை வலது கையைக் ரீலிலிருந்து எடுக்கவே இல்லை. மீன் ஓடியபோது ரீலின் திருகைத் தளர்த்தி ஓடவிட்டேன், நின்றபோது சுற்றினேன். ஆட்டோக்காரர் மராத்தியில் "காகா, மீ தர்தோ", நான் பிடிக்கிறேன் என்று கழியைப் பிடிக்க ஓடிவந்தார். செல்வி குறுக்கே கையை நீட்டினாள்.

"நகோ பாவூ, வேணாம். நீ உக்காரு. அவரே புடிப்பாரு."

மீன் கரைக்குப் பக்கத்தில் வந்து புரண்டது. கழிக்கு ஒரு கை, மீனை அள்ளும் வலைக்கு ஒரு கை வேண்டும், எனக்கு வலைக்குக் கை கிடையாது. சரிவான கரையில் பின்னால் நடந்து மீனைச் சேற்றில் ஏற்றுவதுதான் வழி. ஆனால் இடது கால் சேற்றில் தடுமாறியது. முக்காலியைத் தள்ளிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தேன். நின்றுகொண்டுதான் பிடிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? உட்கார்ந்தபடியே குழந்தை மாதிரி பின்னால் நகர்ந்து நகர்ந்து இழுத்தேன். இரண்டு கிலோ ரோகு, வெள்ளி வயிற்றோடு சேற்றில் வந்து படுத்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"கரைக்கு வந்துடுச்சில்ல" என்றாள் செல்வி. "எழுந்துருங்க. இப்ப நான் கை குடுக்கலாம்."

கை குறைந்தவர்களுக்கு, வயதானவர்களுக்கு, "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்குச் சொல்கிறேன். செங்குத்தான கரை வேண்டாம், சரிவைத் தேடுங்கள். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டும் எதிர்க்கூரை வீட்டிலேயே குறடால் நசுக்கிவிடுங்கள், ஒரே கையால் சுலபமாகக் கழற்றலாம். புதிய கைப்பழக்கம் வரும்வரை வீட்டு மொட்டை மாடியில் ஒரு செங்கல்லைக் கட்டி இழுத்துப் பழகுங்கள். நான் பழகாமல் போய்த்தான் முதல் மீனை விட்டேன். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் உங்களுக்காகப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சாயங்காலம் சொன்னபடி மச்சான் வந்தான். செல்வி அவனை உட்காரவைத்து, சோறு போட்டு, ரோகு குழம்பை ஊற்றி, நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். அவன் கண் கழி சாத்தியிருந்த மூலைக்கே போய்க்கொண்டிருந்தது.

"தட்டப் பாத்து சாப்புட்றா" என்றாள். "மூலையில இருக்கிறது உங்க மாமாவோடது."