பழைய வண்டியில் ஒரு திரை

என் வண்டிக்குப் பதினெட்டு வயது. பெட்டி போல இருக்கும். முன்னால் இரண்டு பேரும் பின்னால் ஆறு பேரும் உட்காரலாம். இன்ஜின் என் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், ஓடும்போது பக்கத்தில் இருப்பவர்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். உப்புத் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து அடித்தகட்டைத் தின்றுவிட்டன. இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஓட்டை. அதன்மேல் ஒரு பலகையைப் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட வண்டியில் போன கோடையில், போனோடு சேர்ந்து வேலை செய்யும் டிஸ்ப்ளே ஒன்றை மாட்டினேன்.

கும்மிடிப்பூண்டியில் அதை மாட்டித் தந்தவர் முதலில் வண்டியைத்தான் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். பலகையை நகர்த்தி ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, வண்டியே இன்னும் எத்தினி நாளைக்குன்னு தெர்ல. இதுக்குப் போயி டிஸ்ப்ளேவா? பாட்டு கேக்கணும்னா சொல்லு, பழைய செட்டு ஒண்ணு கெடக்குது."

"பாட்டுக்கு இல்ல."

"அப்போ மேப்பா? ஆரம்பாக்கத்துக்குப் போறதுக்கு நீ மேப்பு பாத்தா ஓட்டப்போற?"

"போன் வந்தா எடுக்கணும்."

"அதுக்கு ஒரு ஸ்டாண்டு போதுமே!"

ஸ்டாண்டு போதாது என்பதற்கான காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மாட்டிடுங்க" என்று மட்டும் சொன்னேன். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேச எனக்கு வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றதில் எனக்கு வருத்தம் இருந்ததைவிட, இனிமேல் எழுந்து நின்று யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் அதிகம்.

காரணம் இதுதான். என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். புயலில் எங்கள் வீட்டின் ஓலைக்கூரை போனபின், "தளம் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அவளுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போதுதான் போனை அவள் கையில் கொடுப்பார்கள். நமக்கு அது காலை பத்து மணி. அந்தப் பத்து மணிக்கு நான் எப்போதும் எங்கள் ஊர் உப்பு ஏரிக்குள் வண்டியோடு இருப்பேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஏரியில் கையால் இறால் தடவுகிறவர்கள். முழங்கால் தண்ணீரில் தவழ்ந்து போய்ச் சேற்றில் விரல்களை விட்டுத் தேடுவார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப்பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் பல்லில் பறி இருக்கும். பேச முடியாது. அவர்களில் ஐந்து பேர் தினமும் என் வண்டியில் வருகிறவர்கள்; அந்தப் பேச்சு எல்லாம் சேர்ந்து அங்கேதான் வெளியே வரும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நான் ஓட்டுவேன்.

கோடையில் தண்ணீர் உள்வாங்கிவிடும். அவர்களைத் தண்ணீர் இருக்கும் இடம்வரை கொண்டுபோய் விட வேண்டும் என்றால், காய்ந்த ஏரிக்குள்ளேயே வண்டியை ஓட்ட வேண்டும். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் சேறு இருக்கும். ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. நிறுத்தினால் சக்கரம் இறங்கிவிடும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்; போனை ஸ்டாண்டில் வைத்தாலும் இன்ஜின் சத்தத்தில் அதன் குரல் கேட்காது. பத்து மணிக்குச் சட்டைப்பையில் போன் துடிக்கும். நெஞ்சில் அது துடித்து அடங்குவதை உணர்ந்துகொண்டே கரைவரை ஓட்டுவேன். கரையேறித் திரும்பக் கூப்பிட்டால் அவள் கையில் போன் இருக்காது. மழை மாதங்களிலும் கரையோரச் சேற்றில் இதே கதைதான்; அப்படியே ஒரு வருஷத்துக்குமேல் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சிலசமயம் சாயங்காலம் பேசுவாள். "சாப்டியா?" என்பேன். "சாப்ட்டேன். நீ?" என்பாள்.

முன்னால் இடது பக்க சீட் அவளுடையது. அவளும் இறால் தடவப் போனவள்தான். அவள் போனபின் அந்த ஐந்து பேரில் யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை. நெருக்கிக்கொண்டு பின்னாலேயே உட்காருவார்கள். அந்த சீட்டில் ஈரப் பறிகளை வைப்பார்கள். நான் ஒருநாள்கூட யாரையும் முன்னால் வரச் சொன்னதில்லை.

டிஸ்ப்ளே மாட்டிய மறுநாள் அவர்கள் வண்டியில் ஏறியதும் மேப் பேசியது. வலது பக்கம் திரும்பச் சொன்னது. நல்ல தமிழில், பெண் குரல்.

"யாருடி இவ?" என்றாள் ஒருத்தி. அவள் என் மனைவிக்குச் சித்தப்பா மகள். எனக்கு மச்சினி முறை. "அக்கா அந்தாண்ட போனா, மாமா இந்தாண்ட ஒருத்திய வண்டிலயே குந்த வெச்சிக்கினாரு பாரு!"

"பேச்சு நல்லா சுத்தமா கீதுடி. படிச்சவ போல."

"அதான் மாமா பதிலே சொல்ல மாட்டேன்றாரு."

காது சூடாகிவிட்டது. அந்தக் குரலை எப்படி அணைப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏரிக்குள் இறங்கியதும் அது தடுமாறிப்போய், திரும்பிப் போகச் சொன்னது. திரையில் எல்லாம் நீலமாகிவிட்டது. மேப்புக்குக் கோடை தெரியாது. நீலத்தின் நடுவே என் வண்டி மட்டும் ஒரு சின்ன அம்புக்குறியாக நகர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு பெயர் இல்லை, ஒரு கோடு இல்லை. அவர்களைத் தண்ணீர் ஓரத்தில் இறக்கிவிட்டு, கெட்டித் தரையாகப் பார்த்து ஒதுங்கிக் காத்திருக்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறால் தடவி முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பத்து மணிக்கு, என் மனைவி கூப்பிட்டாள். திரை முழுவதும் அவள் முகம் வந்தது. நான் போனில் போட்டு வைத்திருந்த பழைய போட்டோ. ஒரு விரலால் தொட்டேன்.

"எங்க கீற?" என்ற அவள் குரல் வண்டியின் நாலு மூலையிலிருந்தும் வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் கூச்சல் எழுந்துவிட்டது. "ஏய், அக்கா டிவில வருதுடி!" "யக்கா, நாங்க எல்லாம் கீறோம்!" "இன்னா துன்ன?" "உன் ஊட்டுக்காரு எளைச்சிட்டாருடி!" அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாள் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் தினமும் பத்து மணிக்கு அவர்கள் பேசினார்கள். நான் ஓட்டிக்கொண்டே கேட்டேன். அவளுக்கு முட்டி வலிக்கிறது என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறாள் என்பதும், பச்சை மிளகாய் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு காரமில்லாமல் சாப்பிடுகிறாள் என்பதும் அவர்கள் கேட்டுத்தான் அவள் சொன்னாள். இதையெல்லாம் நான் கேட்டதே இல்லை. நான் கேட்டது 'சாப்டியா' மட்டும்தான். கடைசியில் அவர்கள், "இந்தா மாமாகிட்ட பேசு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். ஐந்து பேரின் மூச்சும் என் பின்கழுத்தில் படும். "சாப்டியா?" என்பேன். பின்னால் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்கும்.

ஒரு திங்கட்கிழமை அவள் குரல் வேறுமாதிரி இருந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "இந்தா, ஒண்ணு கேக்கணும் உன்ன" என்றாள். எல்லோரும் அடங்கினார்கள்.

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. இல்லாட்டி இந்த மாசமே டிக்கெட் போட்டுத் தர்றாங்களாம். வியாழக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். நான் இன்னா சொல்லட்டும்?"

தளம் போட்டாகிவிட்டது. அதன் அடியில் நான் ஒருவன் படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன். 'வந்துவிடு' என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். ஆனால் பின்னால் ஐந்து பேர். கட்டிய மனைவியிடம் 'நீ வா' என்று நாலு பேர் காதில் விழும்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போதும் சொன்னதில்லை.

"உன் இஷ்டம்" என்றேன்.

"சரி" என்றாள். திரையில் அவள் முகம் போய் மறுபடியும் நீலம் வந்தது. மச்சினி என் சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "இன்னா மாமா நீ!" என்றாள். அதற்குமேல் கரைவரை யாரும் பேசவில்லை. என் வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியது அன்றைக்கு ஒருநாள்தான்.

வீட்டுக்குப் போய் வாய்ஸ் அனுப்பிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நாலு தடவை பேசினேன். ஒவ்வொரு தடவையும் போட்டுக் கேட்டேன். வெறும் வீட்டில், புதுத் தளத்தில் பட்டு என் குரல் யாரோ ஒருவனுடைய குரலாகத் திரும்பி வந்தது. நாலையும் அழித்தேன். எழுதி அனுப்பலாம் என்றால், எழுத்துக் கூட்டி எழுதியதைப் படித்தபோது தந்தி போல இருந்தது. அதையும் அழித்தேன். நாளை பத்து மணிக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் கூப்பிடவில்லை. புதன்கிழமையும் இல்லை. பத்தைத் தாண்டியும் திரையில் அம்புக்குறி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை பாதி ஏரி தாண்டும்போது முகம் வந்தது. என் விரல் போவதற்குள் அவர்களில் மூத்தவள் குரல் கொடுத்தாள். அவள் என்னைப் பிள்ளை போல, "நைனா" என்றுதான் கூப்பிடுவாள்.

"வண்டிய நிறுத்து நைனா."

"எறங்கிடும்மா."

"எறங்கட்டும். தள்றதுக்கு நாங்க இல்ல? நிறுத்து."

"எறால் கெட்டுடும். ஐஸ் வண்டி போய்டும்..."

"நீ நிறுத்துன்றேன்!"

நிறுத்தினேன். நிறுத்தியதுமே பின்சக்கரம் மெதுவாகச் சேற்றில் உட்காருவது இடுப்பில் தெரிந்தது. கதவு திறந்தது. ஐந்து பேரும் அவரவர் பறியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நிழல் இல்லாத அந்தப் பொட்டலில் ஐம்பது அடி தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மச்சினி மட்டும் ஒரு தடவை திரும்பினாள். கையில் இருந்த பறியைத் தூக்கிக் காட்டி, வாயில் கவ்விக்கொண்டாள். மற்ற நாலு பேரும் அதேபோல் கவ்விக்கொண்டார்கள்.

இன்ஜினை அணைத்தேன். திரையைத் தொட்டேன்.

"இன்னா, சத்தத்தையே காணோம்? அவங்க எங்க?"

"எறங்கி நிக்கிறாங்க."

"எதுக்கு?"

கண்ணாடிக்கு அப்பால் அந்த ஐந்து முதுகுகளையும் பார்த்துக்கொண்டே, "வந்துடு" என்றேன்.

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதை யாரோ மூடினார்கள். அவள்தான் மூடியிருக்க வேண்டும்.

"நேத்தே கேட்டுட்டாங்க" என்றாள். "சரின்னுட்டேன். கையெழுத்தும் வாங்கிட்டாங்க. நீதான் இஷ்டம்னியே. எனுக்கு இஷ்டம்னு நெனச்சியா?"

திரையில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

"இன்னொருவாட்டி சொல்லு."

"இன்னா?"

"இப்ப சொன்னத."

"வந்துடு."

"இன்னொருவாட்டி."

சொன்னேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "வரேன். ரெண்டு வருசம் ஆனதும் வரேன். அதுவரிக்கும் தெனமும் இத சொல்லு" என்றாள். யாரோ அவளைக் கூப்பிடும் குரல் கேட்டது. திரை நீலமானது.

நான் இறங்கி நின்றதும் அவர்கள் திரும்பி வந்தார்கள். மூத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பறிகளை முன் சீட்டில் வைத்துவிட்டு, ஐந்து பேரும் வண்டியின் பின்னால் கை வைத்தார்கள். பின்சக்கரம் பாதிவரை இறங்கியிருந்தது. மூன்றாவது தடவை தள்ளியதில் வெளியே வந்தது. அவர்கள் புடவை எல்லாம் சேறு. ஓடுகிற வண்டியில் ஒவ்வொருத்தியாகத் தாவி ஏறினார்கள்.

"அந்தப் பேசற பொம்பள மட்டும் எறங்கல பாரு, மகாராணி" என்றாள் மச்சினி. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் நான்தான் சிரித்தேன்.

கரையில் இறாலை எடுக்க வரும் ஐஸ் வண்டி போய்விட்டிருந்தது. இறாலை அவர்கள் ஆரம்பாக்கம் சந்தையில் கூவி விற்றார்கள். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போதெல்லாம் பத்து மணிக்கு முன்பே கரைக்கு வந்துவிடும்படி கொஞ்சம் சீக்கிரம் கிளம்புகிறோம். கெட்டித் தரையில் நிறுத்துவேன். முதலில் அவர்கள் பேசுவார்கள். பிறகு சொல்லாமலேயே இறங்கிவிடுவார்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்வேன். அவள், "ம்" என்பாள். அது முடிந்ததும் வண்டிக்குள் வரும் அமைதி முன்பு இருந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. திரை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்து சீட்டில் பறிகள் சொட்டிக்கொண்டிருக்கும்.

பழைய வண்டிக்கு இதைப் போடலாமா என்று வண்டி ஸ்டாண்டில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மேப்புக்காக என்றால் வேண்டாம் என்பேன். உப்புக் காற்றுக்கு அதன் ஓரம் இப்போதே வெளுத்துவிட்டது. வெயிலில் பாதி நேரம் தெரிவதும் இல்லை. போனுக்காக என்றால், யாருடைய போன் என்று கேட்பேன். அவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் வர இன்னும் ஒரு வருஷமும் சில மாதங்களும் இருக்கின்றன. ஏர்போர்ட்டுக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அதனால் போன வாரம் வெல்டிங் பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் பலகையை எடுத்து எறிந்துவிட்டு, இற்றுப்போன டிரைவர் பக்கத்தையும் இடது பக்க ஓட்டையைச் சுற்றியும் தட்டிப் பார்த்தார்.

"டிரைவர் பக்கம் போட்டா போதும்ணா. இந்தப் பக்கம் எதுக்கு வீணா? இந்த சீட்ல யாரு குந்துறாங்க?"

"இப்போ யாரும் இல்ல" என்றேன். "ஆனா இந்தப் பக்கத்துக்குத்தான் நல்ல தகடா போடுங்க."