பின்படிக்கட்டிலிருந்து இரண்டாவது சீட் வரை

பூவரசன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே வளர்மதி இதைக் கவனித்துவிட்டாள். பதினோரு வருடமாகக் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறாள். ஜெயங்கொண்டத்திலிருந்து வரதராசன்பேட்டை வழியாக ஆண்டிமடம் போகும் டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஏறி இறங்குகிற அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும், ஆனால் இறங்குகிற இடத்தை வைத்துத்தான். கடைத்தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்து, "என்னா கூவத்தூர், ரெண்டு நாளா ஆளக் காணும்?" என்பார். வளர்மதி பிறந்த ஊர் குன்னம். அதனால் வீட்டில் அவள் குன்னம். "குன்னம், தண்ணி கொண்டா." "ஏ குன்னம், சாக்ஸ எங்க வச்ச?"

கொஞ்சம் தள்ளி இருந்தால் அந்தக் குன்னமும் கிடையாது, விசில்தான். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் விசிலை வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டார். மாடியில் துணி காயப்போடும் அவளைக் கீழேயிருந்து ஒரு விசிலில் இறக்கிவிடுவார். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். ஒருமுறை கேட்டே விட்டாள்.

"பேரச் சொன்னா வாய் சுட்டுடுமா?"

"ஒரு நாளைக்கு எண்ணூறு பேரு ஏறுறாங்க. பேர ஞாபகம் வச்சா ஊரு மறந்துடும். ஊரு மறந்தா எவன எங்க எறக்குறது?"

ஏழு வருடம் காத்திருந்து பையன் பிறந்தான். நன்மாறன் என்று பெயர் வைத்தது வளர்மதி. பூவரசனுக்கு அவன் ஜங்ஷன். "எல்லா வண்டியும் இவன்கிட்ட வந்துதான நிக்கிது" என்று தூக்கிப் போட்டுப் பிடிப்பார்.

ஒன்றரை வயது தாண்டியும் ஜங்ஷன் பேசவில்லை. சிரித்தான், ஓடினான். வேண்டியதற்கு அவளுடைய விரலைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினான். அம்மா என்றுகூட வரவில்லை. ஆம்பளப் பிள்ளை அப்படித்தான் தாமதமாகப் பேசும் என்றார்கள் சிலர். போனைக் கையில் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றார்கள் சிலர். நாக்கில் வசம்பு தடவச் சொன்னார்கள். பூவரசனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு விசில் ஊதுவார். பையன் சட்டென்று திரும்புவான். "பாத்தியா? பாம்புக் காது. நானே நாலு வயசுலதான் பேசுனேனாம். காது நல்லா இருக்கு, பேச்சு தானா வரும்."

பையனுக்கு ஒரு வயது எட்டு மாதம் இருக்கும்போது, ஆண்டிமடத்தில் ஒரு வளைகாப்புக்காக வளர்மதி அவனைத் தூக்கிக்கொண்டு அவருடைய பஸ்ஸிலேயே போனாள். பக்கத்தில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். அதே வண்டியில் தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறவர். பூவரசன் அவரை "பேட்டை டீச்சர்" என்பார். டீச்சர் பையனிடம் என்னவோ கேட்டார், அவன் அவருடைய வாயையே பார்த்தான். அவர் புடவை முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கண்டக்டர் தம்பி, ஒருதரம் காத டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்களேன். எங்கிட்ட படிச்ச ரெண்டு புள்ளைங்க இப்படித்தான் வாயப் பாத்துக்கிட்டே..."

"டீச்சர், பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்குங்க. இங்க டிக்கெட்ட நான் பாத்துக்குறேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. டீச்சரின் ஸ்டாப்பான வரதராசன்பேட்டை வந்தது. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே அவர் திரும்பி, "அதுக்கில்ல தம்பி" என்று ஆரம்பித்தார். பூவரசன் இரண்டு விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக இருந்த டீச்சர் தடுமாறிக் கீழே இறங்க, குடை கைநழுவி ரோட்டில் விழுந்தது. பூவரசன் திரும்பிப் பார்க்கவில்லை. வளர்மதி பார்த்தாள். டீச்சர் குனிந்து குடையை எடுப்பது சின்னதாகிக்கொண்டே போனது. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது நிம்மதி. அந்தப் பேச்சு அத்தோடு நின்றதே என்ற நிம்மதி.

அந்த நிம்மதியைப் பற்றி அவள் பிறகு நிறைய யோசித்தாள். அவள் பி.எஸ்ஸி. இயற்பியல். குன்னத்தில் சோளமும் வெங்காயமும் போடுகிற அவளுடைய வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஒரே ஒரு அளவை எடுத்து முடிவு எழுதினால் லேபில் ரெக்கார்டு நோட்டைத் திருப்பி எறிவார்கள். விசில் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்றால் விசில் கேட்கிறது என்றுதானே அர்த்தம்? பேச்சு கேட்கிறது என்று எப்படி ஆகும்? இவ்வளவு எளிய கேள்வி தனக்கு ஏன் டீச்சர் சொல்லிப் பதினோரு மாதம் கழித்துத் தோன்றியது? தெரியாமல் இருந்தாளா, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தாளா? படித்து என்ன பிரயோசனம்?

ஒருநாள் பையனுக்கு முதுகுப் பக்கம் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். அவன் திரும்பவில்லை. அதே பாக்கெட்டை எதிரே வந்து பிரித்தாள். ஓடி வந்தான். மூன்று நாள் செய்து பார்த்தாள். ஒன்பது தடவையில் எட்டு தடவை அவன் திரும்பவில்லை. பூவரசனிடம் சொன்னாள். அவர் விசிலை எடுத்து ஊதினார். பையன் திரும்பினான்.

"இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"ஞாயித்துக்கிழம உங்க பஸ்ல வரேன். ஆண்டிமடத்துல வண்டிய ஆஃப் பண்ணிப் போடுவீங்கல்ல, அப்ப ஒன்னே ஒன்னு செய்யுங்க. அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடத்தில் எஞ்சினை நிறுத்தியதும் வளர்மதி பையனை முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காரவைத்து, கையில் ஒரு பொம்மைக் காரைக் கொடுத்தாள். பூவரசன் பின்படிக்கட்டில் நின்றார். டிரைவர் சின்னதுரை டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தான். அடுத்த டிரிப்புக்கு முன்கூட்டியே ஏறி உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூவரசன் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அது வேணாம். பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. வூட்ல பேசுற மாதிரி."

அவர் சுற்றிலும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஜங்ஷன்" என்றார்.

"பேரு."

"நன்மாறா."

முன்சீட்டில் கார் ஜன்னல் கம்பிமேல் ஓடிக்கொண்டிருந்தது. பையன் திரும்பவில்லை.

"அண்ணே, எனக்கே கேக்கல, சத்தமாக் கூப்பிடு" என்றான் சின்னதுரை.

"பொய் சொல்லாத தம்பி, பின்னாடிலேருந்து கூப்பிட்டது இங்க எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றாள் முன்பக்கம் இருந்த ஒரு பெண். "சத்தமாக் கூப்பிட்டா ஆண்டிமடமே திரும்பும், புள்ள திரும்புனா என்ன அதிசயம்?"

வளர்மதி சொன்னாள், "ஒரு சீட்டு முன்னாடி வந்து கூப்பிடுங்க. அதே சத்தத்துல."

பூவரசன் ஒரு சீட் முன்னால் வந்தார். "நன்மாறா." இன்னொரு சீட். "நன்மாறா." டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு இருபது தடவை நடக்கிற இடம்தான். கம்பியைப் பிடிக்காமல் ஓடும் வண்டியில் நடப்பவர், நின்ற வண்டியில் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்னாலிருந்து ஆறாவது சீட்டில் குரல் மாறிவிட்டது. சின்னதுரையின் டீ ஆடை கட்டியிருந்தது. மூன்றாவது சீட்டிலும் பையன் காரைத்தான் ஓட்டினான். இரண்டாவது சீட்டுக்கு வந்து கூப்பிட்டபோது தலையைத் திருப்பினான். அப்பா நிற்பதைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தான்.

பூவரசன் அதே இடத்தில் நின்று திரும்பி, பின்படிக்கட்டைப் பார்த்தார். எத்தனை சீட் என்று எண்ணுகிறார் என்பது வளர்மதிக்குத் தெரிந்தது.

"நாளைக்கு லீவு போடுறேன்" என்றார்.

பெரம்பலூரில் பார்த்த காது டாக்டர், இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருக்கிறது என்றார். நாம் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கேட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி இவனுக்குக் கேட்டிருக்கும், விசில் அதையும் தாண்டிப் போயிருக்கும் என்றார். பேச்சு வராததற்கு இது மட்டும்தான் காரணமா என்று வளர்மதி கேட்டாள். "இப்பவே அப்படிச் சொல்ல முடியாதும்மா. முதல்ல நல்லா கேக்கட்டும், பேச்சுப் பயிற்சியும் சேத்துப் பாப்போம்" என்றார். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். நீர் வற்றவில்லை. செவிப்பறையில் அரிசி அளவுகூட இல்லாத குழாய் வைத்தார்கள். முன்பே கூட்டிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பூவரசன் டாக்டரிடம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பேச்சு உடனே வந்துவிடவில்லை. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசினார்கள். பிரஷர் குக்கர் சத்தத்துக்குப் பயந்து அவன் அழுதபோது வளர்மதிக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்படிச் சந்தோஷப்பட்டது சரியா என்றும் இருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான். தெளிவாக, அதிகாரமாக, அப்பாவின் அதே இழுவையோடு சொன்னான்.

"குன்னம், தண்ணி."

அவள் சிரித்த சிரிப்பில் அவனே பயந்து பின்வாங்கினான். தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பூவரசனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அதற்குள் பேட்டை டீச்சர் ஓய்வு பெற்றுத் திருச்சியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பூவரசன் அந்த ஸ்டாப்பில் இறங்கிப் பெட்டிக்கடையில் விசாரித்தார். டீச்சரின் பெயர் இன்னாசிமேரி என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து வளர்மதியிடம் சொன்னார். "இன்னாசிமேரி டீச்சராம்." சாப்பிடும்போது இன்னொரு தடவை சொன்னார்.

போன மாசிமாதம் டீச்சர் ஊருக்கு வந்திருந்தார். அதே பஸ்ஸில், அதே குடையோடு ஏறினார். நடந்ததை வளர்மதிக்குச் சொன்னது சின்னதுரைதான். பூவரசன் பக்கத்தில் போய், தெரிந்த ஊரையே எங்கே என்று கேட்டு, பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார்.

"புள்ள எப்படி இருக்கான் தம்பி?"

"பேசுறாங்க டீச்சர்."

மகனுக்கு அவர் 'ங்க' போட்டதைக் கேட்டு டீச்சர் சிரித்திருக்கிறார். "ஆண்டவருக்கு நன்றி" என்றாராம். அவ்வளவுதான். பூவரசன் அங்கேயே நின்றாராம், அடுத்த சீட்டில் டிக்கெட் கேட்டுக் கூப்பிட்டும் நகரவில்லையாம். டீச்சர் தன் ஸ்டாப்பில் இறங்கி, குடையை விரித்து, நாலடி நடந்த பிறகும் விசில் வரவில்லை. சின்னதுரை கண்ணாடியில் பார்த்து, "அண்ணே, போலாமா?" என்று கேட்ட பிறகுதான் வந்தது.

அன்று இரவு வளர்மதி கேட்டாள், "அன்னிக்கு நடந்ததுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டீங்களா?"

"கூட்டம்."

"பத்து பேர்தான் இருந்தாங்கன்னு சின்னதுரை சொல்றாரு."

தான் மட்டும் என்ன, திருச்சிக்கு ஒரு பஸ் ஏறினால் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அவளும் போகவில்லை.

இப்போதெல்லாம் வரதராசன்பேட்டையில் கடைசி ஆளின் இரண்டு காலும் தரையில் பதிந்ததைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பூவரசன் விசில் ஊதுகிறார். மற்ற ஸ்டாப்புகளில் பழையபடிதான். இன்னாசிமேரி டீச்சரிடம் சொல்ல வேண்டியது இன்னும் அவரிடமே இருக்கிறது.