நிறையாத குழி

மூன்று வருஷத்துக்கு முன்னால், காவிரியில் கரை தொட்டு வெள்ளம் ஓடி வடிந்த ஐப்பசி மாதம். மோகனூர்ப் பக்கம், ஆற்றிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ரிக் லாரிக்காரன். போர்வெல் போடுவது தொழில். எங்கள் பக்கத்து ரிக் போகாத மாநிலம் இல்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நானும் இருபது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகத் துளை போட்டவன். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று எவனும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று பேசித் திரிகிற ஆள். வாய் கொஞ்சம் நீளம். இதை என் மனைவியே சொல்வாள்.

ஒரு சமயம் லடாக்கில் ஒரு முகாமுக்கு போர் போடப் போனோம். நம் ஊரில் இருபது, முப்பது அடியில் பாறை தட்டிவிடும். அதுவரைக்கும் மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்கினால் போதும், கீழே துளை தானாக நிற்கும். அங்கே நூறு அடி போனாலும் மணலும் கூழாங்கல்லும்தான். துளை போடுகிற பிட்டை மேலே தூக்கினால் துளை மூடிக்கொள்ளும். கம்ப்ரசரில் அடிக்கிற காற்று மேலே வராமல் கல் இடுக்கில் புகுந்து எங்கேயோ போய்விடும். முதல் இரண்டு நாள் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த வேலையை மேற்பார்த்த நிலவியல் படித்த அம்மா ஒருவர்தான் விளக்கினார். ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிக்கட்டி மெல்ல நகர்ந்து வந்ததாம். வழியில் இருந்த மலையை அரைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, உருகிப் போகும்போது அத்தனையையும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. உருகின தண்ணீர் நைஸான களியையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட, மணலும் சரளையும் கல்லும் மட்டும் தங்கிவிட்டன. அதனால் அந்த மண்ணில் தண்ணீர் நிற்காது, நிமிஷத்தில் இறங்கிவிடும். அழுக்குத் தண்ணீரும் அப்படியேதான் இறங்கும், மண் அதை வடிகட்டித் தராது என்றார். சொன்னதோடு விடவில்லை. நாங்கள் போருக்குப் பக்கத்தில் தோண்டியிருந்த கக்கூஸ் குழியை மூடச் சொல்லி, இறக்கத்தில் வெகுதூரம் தள்ளி வேறு குழி தோண்ட வைத்தார். அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்ததே என்று நாங்கள் அவரைத் தமிழில் வைதோம்.

ஊருக்குத் திரும்பி நான் வீடு கட்டின இடமும் அதே குணமுள்ள மண்தான். அங்கே பனி செய்த வேலையை இங்கே காவிரி செய்திருக்கிறது. அறுபது அடி வரை மணலும் சரளையும், அதற்குக் கீழேதான் பாறை. நான் விஷயம் தெரிந்தவன் ஆயிற்றே! மேல் தண்ணீரை நம்பக் கூடாது என்று என் போருக்குப் பாறை வரைக்கும் கேசிங் இறக்கினேன். கக்கூஸ் குழிக்கு மட்டும் நாலு சிமெண்ட் உறையை இறக்கி, அடியில் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டேன்.

அந்தக் குழி பத்து வருஷமாக நிறையவே இல்லை. திருச்செங்கோட்டில் பாறைமேல் வீடு கட்டியிருக்கிற என் சொந்தக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது குழி நிறைந்து, உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிட வேண்டியிருக்கும். அவர்கள் வரும்போதெல்லாம் என் குழியைப் பற்றி நான் அளக்காமல் விட்டதில்லை. ஊரில் புதிதாக வீடு கட்டிய நாலு பேருக்கு, அடியில் கான்கிரீட் போடாதீர்கள் என்று இலவச யோசனை வேறு சொல்லியிருந்தேன்.

பக்கத்து மனையில் ஓர் இளம் குடும்பம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணவர் கோழித் தீவன ஆலையில் வேலை பார்ப்பவர். மனைவி வீட்டிலேயே துணி தைப்பாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். வந்த புதிதில், கிணறு எங்கே இறக்கலாம் என்று என்னிடம்தான் கேட்டார்கள். என் போருக்குப் பாறை வரைக்கும் கேசிங் இறக்கின பெருமையைப் பேசிக்கொண்டே நான்தான் காலால் கோடு கிழித்துக் காட்டினேன். முப்பது அடியில் உறைக் கிணறு. நல்ல ருசியான தண்ணீர். குடிக்க, சமைக்க எல்லாமே அதுதான்.

வெள்ளம் வடிந்த இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பெண்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். நாலாம் நாள் பிள்ளை பேச்சுக் குழறவும் பதறிப்போய் நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஈரல் மோசமாக இருக்கிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் துணிமணி எடுத்துப் போக வந்த அந்தத் தகப்பன் என் வாசலில் தயங்கி நின்றார்.

"ஏனுங்ண்ணா, கோவிச்சுக்காதீங்க. தண்ணியிலதான் வந்திருக்கோணும்னு டாக்டர் சொல்றாருங்க. உங்க குழி எங்க கெணத்துக்குக் கிட்டத்துல இருக்குது. ஒருவேளை அதுல இருந்து..."

அவரை முடிக்கவிடவில்லை நான். எனக்கு வந்த கோபத்தை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

"ஏந்தம்பி, பத்து வருசமா என்ற குழி ரொம்புனதே இல்ல. ரொம்பி வழிஞ்சாத்தான உன்ற கெணத்துக்கு வரும்? எனக்கே மண்ணைப் பத்திப் பாடம் எடுக்கறயா?"

தெருவே எட்டிப் பார்த்தது. என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குதுங்க. இப்பப் போய் ரோசம் பேசறீங்களே" என்றாள். நான் அடங்கவில்லை. சோதித்தே காட்டிவிடுகிறேன் என்று சவால் விட்டேன். என் மச்சானுக்குக் குமாரபாளையத்தில் சாயப்பட்டறை இருக்கிறது. அங்கிருந்து நூலுக்குப் போடுகிற பச்சைச் சாயத்தை வரவழைத்து, நாலு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, பக்கெட் பக்கெட்டாகக் கரைத்து என் குழியில் ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் அவர்கள் வீட்டில் யாரும் அதைக் குடிக்கவில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்க்க மட்டும் காலையிலும் மாலையிலும் மோட்டாரைப் போட்டோம்.

முதல் நாள் தெளிவான தண்ணீர். இரண்டாம் நாளும் அப்படியே. "பாத்தீங்களா?" என்று தெருவில் எல்லோரிடமும் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். நாலைந்து நாளாகத் தூங்காத முகம். மோட்டாரைப் போட்டு வாசல் குழாயைத் திறந்தாள். நான் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் சாதாரணத் தண்ணீர் வந்தது. அப்புறம் லேசாக ஏதோ தெரிந்தது. வெயில்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். அவள் ஒரு வெள்ளைக் குண்டாவை எடுத்து வந்து பிடித்தாள். பச்சை. சந்தேகத்துக்கு இடமில்லாத பச்சை.

என் வீட்டுக் கழிவு நிறையாமல் எங்கே போயிற்று என்று பத்து வருஷத்தில் ஒரு நாளாவது நான் யோசித்தேனா? குழி நிறையவில்லை என்றால் அது வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லுமே! வெள்ளத்தில் நிலத்தடி நீர் ஏறிக் குழியின் அடியைத் தொட்டிருக்கிறது. சரளை இடுக்கு வழியாக அப்படியே அந்தக் கிணற்றுக்குப் போயிருக்கிறது. நாற்பது அடிதான் தூரம். அதற்கு முன்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகாமலா இருந்திருக்கும்?

அடுத்த நொடி எங்கள் வீட்டுக்குள் ஓடிக் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அண்ணா, உங்க பைப்பை மட்டும் பாறை வரைக்கும் எறக்குனீங்களே. அது ஏனுங்ண்ணா?"

அவ்வளவுதான் கேட்டாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை, சத்தியம். ஆனால் இந்த மண் எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் என் தண்ணீருக்கு மட்டும் காவல் போட்டிருந்தேன். தெரியாமல் செய்தவன் என்று கூட என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.

அன்றைக்கே குழியைக் காலி செய்து மூடினோம். நானும் சேலம் போனேன். குழந்தையை உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. வராந்தாவில் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் போன நாலாவது நாள் அந்தப் பிள்ளை கண் திறந்து இட்லி கேட்டது என்று நர்ஸ் வந்து சொன்னபோது, அவருக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன்.

அதன் பிறகு அடியும் சுவரும் கான்கிரீட் போட்ட தொட்டி கட்டினேன். என் யோசனையைக் கேட்ட நாலு வீட்டுக்கும் போய், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். மூன்று பேர் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருவர், "உனக்குப் புத்தி வர எங்க ஊட்டை இடிக்கோணுமா?" என்றார். அவர் வீட்டுக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் ரிக்கை வைத்தே, மேட்டுப் பக்கமாக, பாறைக்குள் பத்தடி வரை கேசிங் இறக்கி ஒரு போர் போட்டுக் கொடுத்தேன்.

தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, குடிக்கலாம் என்று சீட்டு வந்ததும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் புதுப் போரில் தண்ணீர் வந்தால் முதல் சொம்பை ரிக் லாரிக்காரனுக்குக் கொடுப்பது மரியாதை. எத்தனையோ ஊரில் அப்படி வாங்கிக் குடித்திருக்கிறேன். குழந்தையின் அம்மா நான் நீட்டிய சீட்டைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"குடிங்கண்ணா."

மகளை ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு, நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். மரியாதைக்குக் கொடுத்த தண்ணீர் இல்லை அது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அதே சொம்பைக் கழுவி, மறுபடி பிடித்து, அப்புறம்தான் மகளிடம் கொடுத்தாள்.

இப்போது எந்த ஊரில் ரிக்கை நிறுத்தினாலும், பக்கத்து வீட்டார் எங்கே குடிக்கிறார்கள், உங்கள் கழிவு எங்கே போகிறது என்று கேட்காமல் பிட்டை இறக்குவதில்லை. என் வீட்டுத் தண்ணீரை மட்டும் காப்பாற்றத் தெரிந்த அறிவை அறிவென்று நினைத்து அத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனே என்பது இன்னமும் எனக்கு ஆறவில்லை.