ஒன்பதாம் மாடியிலிருந்து அவரை இறக்குவது

பக்கத்து பிளாக்கில் ஒரு வீடு எரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் பிளாக்கிலும் சேர்த்து லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன என் வீட்டுக்காரரும் நானும் ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நெருப்பு இங்கே பிடித்தால் இவரை எப்படிக் கீழே கொண்டுபோவேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பயம் வந்தால் நான் சும்மா உட்காரமாட்டேன், வேலை செய்வேன். அந்த வாரமே எங்களுக்கென்று சில இலக்குகள் வைத்தேன். கிரில் கதவின் சாவி இனி என் இடுப்பில்தான். மருந்து, அடையாள அட்டை, டார்ச்லைட், தண்ணீர் எல்லாம் ஒரே பையில், வாசலுக்குப் பக்கத்தில். இதெல்லாம் சுலபமாக முடிந்தது. லிஃப்ட் இல்லாமல் அவரை இறக்குவது என்ற கடைசி இலக்குதான் என்னை ஆட்டிவைத்தது.

சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். "ரொம்ப யோசிக்காதீங்க லா, அம்மா" என்றான். அங்கே இருந்துகொண்டு யோசிக்காமல் இருப்பது அவனுக்கு வசதிதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மோட்டார் பட்டறையில் வேலை செய்யும் எதிர்வீட்டுத் தம்பி தன் கூட்டாளியோடு வந்தார். என் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என் பழைய சேலையால் இடுப்பைச் சேர்த்துக் கட்டினேன். இருவரும் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது அவருடைய கால்கள்தான் முதலில் வெளியே போயின.

எங்கள் லிஃப்டுக்குள் சவப்பெட்டி நுழையாது. யார் போனாலும் படியில்தான் இறக்குவார்கள், இதே மாதிரி, காலை முன்னால் வைத்து.

"நிறுத்துங்க! திருப்புங்க தம்பி, தலைப்பக்கம் முன்னால போகட்டும்."

"அப்படிப் போனா அண்ணன் பின்னுக்குச் சாஞ்சிடுவாரு லா, அக்கா. படியில கால்தான் முன்னுக்குப் போகணும்."

"உயிரோட இருக்கிற மனுசன் தம்பி அவரு!"

பாவம், திருப்பினார்கள். முதல் படியிலேயே நாற்காலி பின்பக்கம் சரிந்து, அவர் தலை சுவரில் இடிக்கப் பார்த்தது. மறுபடி மேலே ஏற்றிவிட்டார்கள். அவர் இடது கையால் தன் முழங்காலைத் தட்டி, படியைக் காட்டினார். காலே முன்னால் போகட்டும் என்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் இறக்கினார்கள்.

கீழே வெயிலில் உட்கார்ந்து அவர் போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துச் சிரித்தார். மாதக்கணக்காக நான் பார்க்காத சிரிப்பு அது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்தத் தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசும்வரை.

"நாங்க வேலைக்குப் போயிருக்கிற நேரத்துல என்னக்கா செய்வீங்க?"

பகலில் எங்கள் மாடியில் ஆம்பளைகள் யாரும் இருப்பதில்லை.

சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். கரண்டியைத் தள்ளிவிட்டார்.

"நெருப்பு வந்தா நீ போ. கதவ மூடிட்டுப் போ."

திக்கவில்லை, குழறவில்லை. பேச்சுப் பயிற்சியில் 'தண்ணி' என்று சொல்லவே மூச்சு வாங்குகிறவர் இவர். இதை மட்டும் எத்தனை நாளாகத் தனியாகச் சொல்லிப் பழகினாரோ.

"வாய மூடுங்க, பேச வந்துட்டாரு" என்று எரிந்து விழுந்தேன். சொன்னபடி மூடிக்கொண்டார். கரண்டியை நீட்டினேன், திறக்கவில்லை. கெஞ்சினேன். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஆறிப்போனது.

"சரி, போயிடுறேன்" என்றேன்.

உடனே வாயைத் திறந்தார். அன்றிலிருந்து, நான் சொன்னது பொய்யாகவே இருக்கவேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிடுகிறேன்.