பின்னால் கூப்பிட்டது

லண்டனில் இருந்த என் தங்கையின் மகன் இளையோர் கோப்பை இறுதி ஆட்டத்தில் விளையாடினான். இரண்டு கிழமை கழித்து, இத்தாலியில் நான் இருந்த பலேர்மோவுக்கு அதன் வீடியோ கசெற் வந்தது. "முடிவைச் சொல்லமாட்டன் அக்கா, பாருங்கோ" என்று தங்கை எழுதியிருந்தாள். நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, தூங்கிய மத்தியானத்தில் போட்டுப் பார்த்தேன்.

ஆட்டம் சமநிலை. கடைசிப் பெனால்டி அடிக்க அவன் முதுகைக் காட்டி நடந்தான். என்னை அறியாமல் "தம்பி!" என்றேன். போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாதே என்று உடனே வாயைப் பொத்தினேன். படத்தில் அவன் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தான். பிறகு அடித்த பந்து வெளியே போனது.

பின்னேரம் போன் எடுத்து, "ஏன் ராசா திரும்பினனீ?" என்று கேட்டேன்.

"ஆரோ பொம்பிளை தம்பி எண்டு கூப்பிட்டது, பெரியம்மா. அங்கை அம்மாவும் வரேல்லை, வேறை தமிழ் ஆக்களும் இல்லை."

இன்றுவரை நான் அவனுக்குச் சொல்லவில்லை.